கேட்ச் நழுவியது கையாலா... கண்ணாலா? - வெயிலில் விளையாடுபவர்களுக்கு ஒரு கூலிங் கிளாஸ் கைடு!

ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. ஊருக்கு வெளியே ஒரு பொட்டல் மைதானம். கடைசி இரண்டு ஓவர்கள். பேட்ஸ்மேன் தூக்கியடித்த பந்து வானத்துக்குப் போகிறது. லாங் ஆனில் நிற்கும் பையன், 'என்னுது... என்னுது...' என்று கத்திக்கொண்டே ஓடி வருகிறான். பந்து சரியாகச் சூரியனுக்கு நேராக வந்த நொடியில், அவனுக்கு எல்லாமே வெள்ளையாகிறது. கண்ணைச் சுருக்கி, கையால் வெயிலை மறைத்து மறுபடி தேடும்போது, பந்து அவனுக்குப் பின்னால் நான்கு அடி தள்ளி விழுந்து பவுண்டரிக்கு உருள்கிறது. 'கையில வெண்ணெய் தடவிட்டு வந்தியாடா?' என்று மொத்த டீமும் திட்டுகிறது.

பாவம், தப்பு அவன் கையில் இல்லை. கண்ணில் விழுந்த வெயிலில் இருக்கிறது.

அடுத்த வாரமே அந்தப் பையன் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் 150 ரூபாய்க்கு ஒரு கறுப்புக் கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுவான். பிரச்னை தீர்ந்துவிட்டது என்று நினைப்பான். ஆனால், அந்தக் கண்ணாடி அவன் கண்ணைக் காப்பாற்றுமா, கெடுக்குமா என்பது அதன் கறுப்பு நிறத்தில் இல்லை. விலையிலும் இல்லை. பிறகு எதில்தான் இருக்கிறது?

வெயில் கண்ணுக்கு என்ன செய்யும்?

வெயிலில் நம் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தோடு, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்களும் வருகின்றன. சுருக்கமாக யு.வி. கூசவைப்பது வெளிச்சம். சத்தமில்லாமல் கெடுப்பது யு.வி.

தோலைப் போலவே கருவிழியின் மேற்பரப்பும் வெயிலில் வெந்துபோகும். அதிக நேரம் கடும் வெயிலில், குறிப்பாக மணலிலும் தண்ணீரிலும் இருந்துவிட்டு வந்தால், சில மணி நேரம் கழித்துக் கண்ணில் மண் விழுந்ததுபோல உறுத்தும். கண் சிவந்து நீர் வடியும். வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாது. இது பெரும்பாலும் ஓரிரு நாள்களில் சரியாகிவிடும்.

சரியாகாதது, வருஷக்கணக்கில் சேரும் பாதிப்பு. கண்ணின் வெள்ளைப் பகுதியில் மூக்கின் பக்கமிருந்து ஒரு சதை வளர்ந்து, மெதுவாகக் கருவிழியை நோக்கி நகரும். 'கண்ணுல சதை வளருது' என்று ஊரில் சொல்வார்களே, அதுதான். வயல், கடல், கட்டட வேலை என வெயிலிலும் தூசியிலும் காற்றிலும் உழைப்பவர்களுக்கு இது அதிகம் வரும். வெளிநாடுகளில் இதற்கு 'சர்ஃபர்ஸ் ஐ' என்றே ஒரு பெயர் உண்டு. கடலில் அலைச்சறுக்கு விளையாடுபவர்களுக்கு இது அடிக்கடி வருவதால் வந்த பெயர். கண்புரை வருவதற்கான காரணங்களிலும் யு.வி. ஒன்று.

குழந்தைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. அவர்களின் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் மிகத் தெளிவாக இருப்பதால், பெரியவர்களைவிட அதிகமான யு.வி. விழித்திரை வரை போகும். கோடை விடுமுறையில் கோச்சிங் கேம்ப்புக்கு அனுப்பும்போது ஷூ, பேட், தண்ணீர் பாட்டில் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கும் பெற்றோர், கண்ணை மறந்துவிடுகிறார்கள்.

இன்னொரு விஷயம். 'இன்னிக்கு மேகமா இருக்கு, கண்ணாடி எதுக்கு?' என்று நினைக்க வேண்டாம். லேசான மேகத்தைத் தாண்டி 90 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட யு.வி. கீழே வந்துவிடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கடற்கரை மணல் தன் மேல் விழும் யு.வி.யில் சுமார் 15 சதவிகிதத்தையும், கடல் நுரை சுமார் 25 சதவிகிதத்தையும் திருப்பி அனுப்பும். அதாவது, தொப்பி போட்டிருந்தாலும் கீழேயிருந்து கண்ணுக்கு வரும்.

ஊட்டி, கொடைக்கானலில் குளிர்கிறதே, அங்கே பிரச்னை இல்லையே என்றால், அதுவும் தப்புக்கணக்கு. ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் யு.வி. சுமார் 10 சதவிகிதம் கூடும். ஊட்டி 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. வெப்பம் தோலுக்குத் தெரியும். யு.வி. எதற்கும் தெரியாது.

கறுப்பா இருந்தா போதுமா?

போதாது. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

வெளிச்சம் குறைந்தால் கண்மணி தானாக விரியும். இருட்டறைக்குள் போனதும் கொஞ்ச நேரத்தில் பொருள்கள் தெரிய ஆரம்பிக்கிறதே, அதற்கு இதுவும் ஒரு காரணம். கறுப்புக் கண்ணாடி மாட்டினாலும் இதேதான் நடக்கும். அந்தக் கண்ணாடி யு.வி.யைத் தடுக்காத ரகமாக இருந்தால், விரிந்த கண்மணி வழியாக யு.வி. தாராளமாக உள்ளே போகும். வெறும் கண்ணோடு நின்றிருந்தால் கண்ணைச் சுருக்கியாவது தப்பித்திருப்போம்.

அதற்காக, விலை குறைந்த கண்ணாடி எல்லாமே மோசம் என்று அர்த்தமில்லை. பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக், இயல்பாகவே பெரும்பகுதி யு.வி.யைத் தடுத்துவிடும். சில நூறு ரூபாய்க் கண்ணாடியிலும் அது இருக்கலாம். அதேபோல, விலையுயர்ந்த பிராண்டு பெயரைப் போலியாக ஒட்டிய கண்ணாடியில் அது இல்லாமலும் இருக்கலாம். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் சிக்கல்.

என்ன செய்யலாம்? 'யு.வி. 400' அல்லது '100% யு.வி. தடுப்பு' என்று எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 400 நானோமீட்டர் அலைநீளம் வரையிலான கதிர்களைத் தடுக்கும் என்று அதற்குப் பொருள். யு.வி. கதிர்கள் அந்த எல்லைக்குள் அடங்கிவிடும். ஸ்டிக்கரை மட்டும் நம்பத் தயக்கமாக இருந்தால், கண்ணாடிக் கடையில் யு.வி. மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். பல கடைகளில் இருக்கிறது. லென்ஸை அதில் வைத்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும். ஏற்கெனவே வீட்டில் இருக்கும் கண்ணாடியையும் எடுத்துப்போய்ச் சோதித்துப் பார்க்கலாம்.

வீட்டிலேயே தோராயமாகப் பார்க்க ஒரு வழி உண்டு. கள்ள நோட்டைக் கண்டுபிடிக்கப் பயன்படும் சின்ன யு.வி. டார்ச்சை ரூபாய் நோட்டின் வரிசை எண் மேல் அடித்தால் அது ஒளிரும். நடுவில் கண்ணாடியைப் பிடித்து, லென்ஸ் வழியாக டார்ச்சை அடியுங்கள். ஒளிர்வது நின்றுவிட்டால் லென்ஸ் யு.வி.யைத் தடுக்கிறது. முன்புபோலவே பளபளவென ஒளிர்ந்தால் அந்தக் கண்ணாடியை மைதானத்துக்கு எடுத்துப்போகாதீர்கள். டார்ச்சைக் கண்ணுக்கு நேராக மட்டும் அடிக்க வேண்டாம்.

எவ்வளவு கறுப்பு வேண்டும்?

யு.வி.யைத் தடுப்பது ஒன்று, வெளிச்சத்தைக் குறைப்பது இன்னொன்று. இரண்டாவதற்கு 0 முதல் 4 வரை எண் உண்டு. பல கண்ணாடிகளில் காதில் மாட்டும் தண்டின் உட்புறம் 'கேட்டகரி 3' என்பதுபோல அச்சிட்டிருப்பார்கள்.

0 என்றால் கிட்டத்தட்ட நிறமற்றது. இரவில் சைக்கிள் ஓட்டுபவர்களுக்குத் தூசிக்கும் பூச்சிக்கும் மட்டும். 1, லேசான வெயிலுக்கு. 2, வெளிச்சத்தில் 18 முதல் 43 சதவிகிதத்தை உள்ளே விடும்; காலை, மாலை விளையாட்டுக்குச் சரி. 3, எட்டு முதல் 18 சதவிகிதத்தை மட்டும் விடும். நம் ஊர் உச்சி வெயிலுக்கு இதுதான். 4, அடர் கறுப்பு, பனிமலைக்கானது. 4 எண் கண்ணாடி போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது. விளையாடிவிட்டு அதே கண்ணாடியோடு பைக்கில் வீட்டுக்குத் திரும்புபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

எந்த நிறம் எதற்கு?

சாம்பல் நிற லென்ஸ், நிறங்களை உள்ளது உள்ளபடி காட்டும். எதை எடுப்பது என்று குழப்பமாக இருந்தால் இதை எடுக்கலாம். பிரவுன், ஆம்பர் நிறங்கள் நீல வெளிச்சத்தைக் குறைத்து, பந்தையும் பின்னணியையும் பிரித்துக் காட்டும். வானத்தில் பந்தைத் தேடும் ஃபீல்டர்கள் பலருக்கு இது பிடிக்கும். மஞ்சள், வெளிச்சம் குறைந்த அதிகாலைக்கும் மூடுபனிக்கும் உதவும். நல்ல வெயிலுக்கு உதவாது. மேலே கண்ணாடிபோல மின்னும் மிரர் கோட்டிங், கூச்சத்தைக் கொஞ்சம் குறைக்கும். யு.வி.க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

போலரைஸ்டு எல்லோருக்கும் தேவையா?

கடைக்குப் போனதும் 'இது போலரைஸ்டு சார்' என்று கூடுதல் விலை சொல்வார்கள். தண்ணீர், ஈரமான சாலை, கார் பானட் போன்ற தட்டையான பரப்புகளில் பட்டுத் தெறிக்கும் பளிச்சென்ற ஒளியை இந்த லென்ஸ் வெட்டிவிடும். படகு ஓட்டுபவர்கள், தூண்டில் போடுபவர்கள், கோவளம், மாமல்லபுரம் பக்கம் அலையில் துடுப்புப் போடுபவர்களுக்கு இது நிஜமாகவே வரம்.

கிரிக்கெட்டுக்கும் ஓட்டத்துக்கும் இது இல்லாமலும் சமாளிக்கலாம். சைக்கிள்காரர்கள் யோசித்து வாங்க வேண்டும். ஹேண்டில்பாரில் மாட்டிய போன் திரை, சில கோணங்களில் இருண்டு தெரியும். கண்ணாடி நிஜமாகவே போலரைஸ்டுதானா என்று கண்டுபிடிக்கவும் இதே தந்திரம் உதவும். லென்ஸ் வழியாக லேப்டாப் அல்லது போன் திரையைப் பார்த்துக்கொண்டே கண்ணாடியை மெதுவாகச் சுழற்றுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் திரை கறுத்துப்போனால் போலரைஸ்டு. எந்த மாற்றமும் இல்லையென்றால் கூடுதல் விலையைக் கொடுக்கும் முன் கேள்வி கேளுங்கள்.

போலரைஸ்டு என்பதும் யு.வி. தடுப்பு என்பதும் ஒன்றல்ல. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வெயிலில் தானாகக் கறுக்கும் போட்டோகுரோமிக் லென்ஸ், இருட்டோடு கிளம்பி வெயிலில் முடிக்கும் மாரத்தான்காரர்களுக்கு வசதி. ஆனால், கடும் வெப்பத்தில் அது முழுதாகக் கறுக்காது. நிழலுக்கு வந்த பிறகு தெளிவாகச் சில நிமிடங்கள் பிடிக்கும்.

உடையாத லென்ஸ்தான் முதல் விதி

விளையாட்டுக்குக் கண்ணாடி வாங்கும்போது பலரும் கேட்காத கேள்வி, 'இது உடைந்தால் என்ன ஆகும்?' என்பதுதான்.

டைகர் பட்டோடியின் கதை பலருக்குத் தெரியும். 1961-ம் ஆண்டு இங்கிலாந்தில் நடந்த கார் விபத்தில், உடைந்த முன்பக்கக் கண்ணாடிச் சில்லு அவரது வலது கண்ணில் பாய்ந்தது. அந்தக் கண்ணில் பார்வை போனது. அடுத்த ஆண்டே, 21 வயதில், இந்திய அணியின் கேப்டனானார். அவர் சாதித்துக் காட்டினார். ஆனால், ஒரு சின்னச் சில்லு கண்ணில் என்ன செய்துவிடும் என்பதற்கும் அவர் வாழ்க்கையே சாட்சி.

எனவே, மைதானத்துக்கு நிஜக் கண்ணாடியாலான லென்ஸ் வேண்டவே வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக்கைவிட பாலிகார்பனேட் நல்லது. ட்ரைவெக்ஸ் என்ற ரகமும் உறுதியானது. அடி பட்டாலும் இவை சில்லுச் சில்லாகத் தெறிப்பது அரிது. பாலிகார்பனேட்டில் எளிதாகக் கீறல் விழும் என்பதால், கீறலைத் தாங்கும் கோட்டிங் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஃபிரேமும் வளையக்கூடிய நைலான் வகையாக இருக்கட்டும். மெட்டல் ஃபிரேம், பந்து பட்டால் மூக்கையும் புருவத்தையும் கிழித்துவிடும்.

இன்னொன்றையும் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். கூலிங் கிளாஸ் என்பது வெயிலுக்கான தடுப்பு. லெதர் பந்துக்கான தடுப்பு அல்ல. 2012-ம் ஆண்டு இங்கிலாந்தின் டான்டன் மைதானத்தில், இம்ரான் தாஹிரின் பந்துவீச்சுக்கு ஹெல்மெட் இல்லாமல் கீப்பிங் செய்துகொண்டிருந்தார் தென்னாப்பிரிக்காவின் மார்க் பவுச்சர். ஸ்டம்ப்பில் பந்து பட்டுத் தெறித்த பெயில்ஸ் அவரது இடது கண்ணைத் தாக்கியது. அத்துடன் அவரது சர்வதேச கிரிக்கெட் முடிந்தது. ஸ்டம்ப்புக்கு அருகில் நிற்கும் கீப்பருக்கும், பேட்ஸ்மேனுக்கு நெருக்கமாக நிற்கும் ஃபீல்டருக்கும் கம்பி வைத்த ஹெல்மெட்தான் பாதுகாப்பு.

தெருவில் விளையாடும் ஷட்டிலையும் லேசாக நினைக்கக் கூடாது. கிரிக்கெட் பந்து கண்குழியைவிடப் பெரியது. அடியில் ஒரு பகுதியைச் சுற்றியுள்ள எலும்பு வாங்கிக்கொள்ளும். ஷட்டில்காக்கின் கார்க் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. நேராகக் கண்குழிக்குள்ளேயே இறங்கிவிடும். ஷட்டில், ஸ்குவாஷ் போன்ற ஆட்டங்களுக்கென்றே பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடிகள் தனியாக இருக்கின்றன. அவற்றில் 'ஏ.எஸ்.டி.எம்.' தரக் குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் நல்ல பார்வை உள்ளவர்கள், இப்படி ஒன்று இல்லாமல் எந்தப் பந்து விளையாட்டுக்கும் இறங்கக் கூடாது.

பவர் கண்ணாடி போடுபவர்கள் என்ன செய்வது?

வீட்டில் போடும் கண்ணாடியைக் கயிறு கட்டி மாட்டிக்கொண்டு விளையாடுவதுதான் நம் ஊர் வழக்கம். பந்து பட்டால் உடையும் ஃபிரேமும் லென்ஸும் கண்ணுக்கு மிக அருகில் இருக்கின்றன என்பதை யோசித்துப் பாருங்கள். பவரோடு கூடிய ஸ்போர்ட்ஸ் கிளாஸ்களைப் பாலிகார்பனேட்டில் செய்து தருகிறார்கள். கூலிங் கிளாஸுக்கு உள்ளே தனியாகப் பவர் லென்ஸைப் பொருத்தும் வகையும் உண்டு.

கண்ணாடி போட்டால் விளையாட்டில் சாதிக்க முடியாது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு, நெதர்லாந்து கால்பந்து வீரர் எட்கர் டேவிட்ஸின் படத்தைக் காட்டுங்கள். க்ளாகோமா எனும் கண் அழுத்த நோய்க்குப் பிறகு, பாதுகாப்புக் கண்ணாடி அணிந்தே அவர் சர்வதேசப் போட்டிகளில் ஆடினார். கால்பந்து விதிகளும் பாதுகாப்பான ஸ்போர்ட்ஸ் கண்ணாடிகளை அனுமதிக்கின்றன. சுழற்பந்தில் கலக்கிய நியூசிலாந்தின் டேனியல் வெட்டோரியும் கண்ணாடிக்காரர்தான்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்களுக்கும் கூலிங் கிளாஸ் அவசியம். யு.வி. தடுப்புள்ள கான்டாக்ட் லென்ஸ்கூட கருவிழியை மட்டும்தான் மூடும். சுற்றியுள்ள வெள்ளைப் பகுதியும் இமைகளும் வெயிலில்தான் இருக்கும். தூசி நிறைந்த மைதானத்தில், லென்ஸுக்குள் மண் புகாமல் தடுக்கவும் அது உதவும்.

கடையில் போட்டுப் பார்க்கும்போது...

கண்ணாடி முன் நின்று 'நல்லா இருக்கா?' என்று கேட்பதோடு நிறுத்த வேண்டாம். குனியுங்கள். தலையை வேகமாக ஆட்டுங்கள். நின்ற இடத்திலேயே நாலு முறை குதியுங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். மைதானத்தில் நழுவும் கண்ணாடியை அடிக்கடி தூக்கிவிட்டுக்கொண்டே கேட்ச் பிடிக்க முடியாது.

முகத்தை ஒட்டிப் பக்கவாட்டிலும் வளைந்து வரும் வடிவம் நல்லது. யு.வி. நேராக மட்டுமல்ல, ஓரங்களிலிருந்தும் வரும். ஆனால், லென்ஸ் இமை முடியைத் தொடக் கூடாது. கொஞ்சமாவது காற்று போக இடைவெளி வேண்டும். இல்லையென்றால் நம் ஊர்ப் புழுக்கத்தில் பத்து நிமிடத்தில் ஆவி படிந்துவிடும். மூக்கிலும் காதிலும் படும் இடத்தில் ரப்பர் இருந்தால் வியர்வையில் வழுக்காது. ஹெல்மெட் போடுபவர்கள் ஹெல்மெட்டையும் கடைக்கு எடுத்துப்போய் இரண்டையும் சேர்த்து மாட்டிப் பாருங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, லென்ஸ் வழியாகக் கதவு நிலையையோ ஜன்னல் கம்பியையோ பாருங்கள். கண்ணாடியை மெதுவாக மேலும் கீழும் நகர்த்துங்கள். நேர்கோடு நெளிந்தால் லென்ஸ் சரியில்லை. அதைப் போட்டால் தலைவலி வரும். பந்து வரும் தூரத்தையும் தப்பாகக் கணிப்பீர்கள். பவர் லென்ஸுக்கு மட்டும் இந்தச் சோதனை பொருந்தாது.

வாங்கிய பிறகு...

வியர்த்த டி-ஷர்ட்டால் துடைப்பதுதான் லென்ஸுக்கு முதல் எதிரி. மேலே இருக்கும் மண்துகள் கோடு போட்டுவிடும். முதலில் தண்ணீரில் கழுவிவிட்டு, மெல்லிய துணியால் ஒற்றி எடுங்கள். கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கார் டேஷ்போர்டில் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். சூட்டில் ஃபிரேம் வளையும், கோட்டிங் உரியும். மெட்ராஸ் ஐ பரவும் நாள்களில் ஒரே கண்ணாடியை டீம் முழுக்க மாற்றி மாற்றிப் போடவே கூடாது.

கபடி, சிலம்பம்போல உடலோடு உடல் மோதும், கம்பு சுழலும் ஆட்டங்களில் கூலிங் கிளாஸ் வேண்டாம். எந்தக் கண்ணாடி போட்டிருந்தாலும் சூரியனை நேராக உற்றுப் பார்க்கக் கூடாது. கிரகணத்துக்குக் கூலிங் கிளாஸ் உதவவே உதவாது.

கண்ணில் அடிபட்டால்...

கண்ணைக் கசக்கக் கூடாது. ஏதாவது குத்தியிருந்தால் பிடுங்கக் கூடாது. தாய்ப்பால், விளக்கெண்ணெய் எனக் கைவைத்தியம் எதுவும் வேண்டாம். ஒரு பேப்பர் கப்பைக் கண்ணில் அழுத்தாமல் மேலே கவிழ்த்து, டேப் ஒட்டி, உடனே கண் மருத்துவமனைக்குப் போங்கள். வலி குறைந்துவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. பார்வை மங்கினாலோ, கண்ணுக்குள் ரத்தம் தெரிந்தாலோ, கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ, மின்னல்போலப் பளிச்சிட்டாலோ, திரை விழுந்ததுபோல இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்!

* யு.வி. 400 இருக்கிறதா? மீட்டரில் பார்த்தாயிற்றா?
* லென்ஸ் பாலிகார்பனேட்டா?
* விளையாடும் நேரத்துக்கு ஏற்ற எண்தானா? (காலை, மாலை என்றால் 2, உச்சி வெயில் என்றால் 3)
* பக்கவாட்டு வெயிலை மறைக்கிறதா?
* குனிந்து, குதித்துப் பார்த்தும் நழுவாமல் நிற்கிறதா?
* தண்ணீர் விளையாட்டு என்றால் போலரைஸ்டா? மிதக்கும் கயிறு வாங்கியாயிற்றா?

இத்தனையும் சரியாக இருந்தால், விலை எதுவாக இருந்தாலும் அது நல்ல கண்ணாடிதான். அதோடு முன்பக்கம் விளிம்பு வைத்த ஒரு தொப்பியும் சேர்ந்தால் பாதுகாப்பு இன்னும் கூடும். போனில் இருக்கும் வெதர் ஆப்பில் 'யு.வி. இண்டெக்ஸ்' என்று ஓர் எண் இருக்கும். அது 3-க்கு மேல் போனாலே தொப்பியும் கண்ணாடியும் வேண்டும். 8-ஐத் தாண்டினால் மேட்ச்சைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேப்டனிடம் கேட்டுப் பாருங்கள்.

ஆடுபவர்கள் ஒரு மணி நேரத்தில் பெவிலியனுக்குத் திரும்பிவிடலாம். நாள் முழுக்க வெயிலில் நிற்கும் அம்பயர், கோச், மைதானத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் அண்ணன், வேலியோரம் பிள்ளைக்காகக் காத்திருக்கும் அம்மா... இவர்களுக்கும் கண் இரண்டுதான். அடுத்த முறை கண்ணாடி வாங்கும்போது, இவர்களில் ஒருவருக்கும் சேர்த்து வாங்குங்களேன்!